பாடியவர் மட்டுமல்ல, எழுதியவரும்

ஆசிரியருக்கு,

பிரெஞ்சுப் பாடகி பிரான்சுவாஸ் ஆர்டி பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதிக்கு மேல் அவருடைய உடைக்கும் கூந்தலுக்குமே போய்விட்டது. 1962-இல், 18 வயதில், அவரை பிரான்ஸ் முழுக்க அறியவைத்த பாடலின் வரிகள் அவர் எழுதியவை. மறு ஆண்டு, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், மொனாக்கோ என்ற குட்டி நாட்டுக்காகப் பாடியதும் சொந்தப் பாட்டுதான். அப்புறம் ஆங்கிலம், ஜெர்மன், இத்தாலிய மொழிகளிலும் பாடினார், ஜூலியன் கிளேர் போன்ற பிற பாடகர்களுக்கும் வரிகள் எழுதினார், வானொலியில் சோதிட நிகழ்ச்சிகூட நடத்தினார் (நம்மூரில் அதுவே தலைப்பாகியிருக்கும்!). இவற்றில் எழுத்தாளர் என்ற முகத்துக்குத்தான் முதலிடம் தந்திருக்க வேண்டும்.

நான் பிரெஞ்சு படித்தபோது ஆசிரியை அந்த முதல் பாடலை வகுப்பில் போடுவார். தொடக்கநிலை மாணவர்களான எங்களுக்கே அகராதி இல்லாமல் பெரும்பகுதி புரிந்தது. அப்படி எளிமையாக எழுதுவது லேசுப்பட்ட வேலை அல்ல. இனி வெளிநாட்டுப் பாடகர்களைப் பற்றி எழுதும்போது ஒரு படத்தைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் எழுதிய நாலு வரிகளையாவது தமிழில் பெயர்த்து வெளியிடுங்கள்.

ஒரு வாசகி,
திருச்சி