காயம் இல்லையென்றால் கவலையும் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் விளையாட்டுப் பக்கத்தில், வெயிலில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் தள்ளாடி விழுந்த வீரரைப் பற்றி ஒரு வரி வந்திருந்தது: "காயம் எதுவும் இல்லை, வெறும் களைப்புதான், சற்று நேரத்தில் தெளிந்து எழுந்து ஓடி முடித்தார்." கீழே அவருடைய மனவுறுதிக்குப் பாராட்டு. விளையாட்டு வீரர்களுக்கு வரும் பொதுவான நோய்களைப் பயிற்சியாளர்களுக்குப் பாடமாகச் சொல்லித்தருபவன் நான். அந்த வரியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

'தெளிந்து எழுந்தார்' என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஹீட் ஸ்ட்ரோக்கில் நடுவே சிறிது நேரம் தெளிவு வருவதுண்டு. பேர் கேட்டால் சொல்வார், எழுந்தும் நிற்பார். உள்வெப்பம் மட்டும் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் அப்படியே இருக்கும். பிறகு மறுபடி விழுவார், இம்முறை எழமாட்டார். வெயிலில் ஓடியவருக்குப் பேச்சு குழறினாலோ, திசை மாறி ஓடினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, வேறு காரணம் தெரியும்வரை அதை ஹீட் ஸ்ட்ரோக் என்றே நடத்தவேண்டும். தோல் வறண்டிருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று உங்கள் மருத்துவப் பக்கம் முன்பு எழுதியது. வெயிலில் உட்கார்ந்திருந்த முதியவருக்கு அது பொருந்தலாம். ஓடிக்கொண்டிருந்தவர் வியர்வையில் நனைந்தே விழுவார்.

வெப்பத்தை எங்கே அளந்தார்கள் என்பதும் முக்கியம். நெற்றி, அக்குள், வாய், காது எதையும் நம்பமுடியாது. வியர்வையும் காற்றும் வெளித்தோலைக் குளிர வைத்திருக்கும். கருவி 38 என்று காட்டும்போது உள்ளே 41 இருக்கலாம். ஆசனவாய் வழியாக அளப்பதே சரியான அளவு. கூச்சத்தினால் அதைத் தவிர்ப்பதால் உயிர்கள் போகின்றன.

அடுத்து, மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்பே குளிரூட்டவேண்டும். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கி, தலை அமிழாதபடி இரு அக்குளுக்கும் அடியில் ஒரு துணியைக் கொடுத்து ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளவேண்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும். கலக்காவிட்டால் உடலை ஒட்டிய நீர் சூடேறி ஒரு போர்வைபோல ஆகிவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி குறையும். 39 டிகிரிக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடலாம். விழுந்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் 40-க்குக் கீழே கொண்டுவந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். தொட்டி இல்லையென்றால் ஒரு தார்ப்பாயின் நான்கு ஓரங்களையும் தூக்கிப் பிடித்து நடுவில் ஐஸ் தண்ணீர் ஊற்றினாலும் போதும்.

இதைவிடப் பழைய குறை ஒன்று உண்டு. வெயில் காலம் வந்தால் கட்டம் கட்டி ஓர் அறிவுரை வெளியிடுகிறீர்கள்: "தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள், எவ்வளவு குடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது." இதை மறுத்து நான் முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. மணிக்கணக்கில் மெதுவாக ஓடுபவர், நிறுத்தத்துக்கு நிறுத்தம் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே இருந்தது. மூன்று பேருக்கு 120-ஐத் தாண்டவில்லை. அது உயிருக்கே ஆபத்தான அளவு. ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்களே அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

இதன் அறிகுறி தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம். பார்ப்பவர் 'நீர் வற்றிவிட்டது' என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார், அல்லது சாதாரண சலைன் ஏற்றுவார். மூளை வீங்கி வலிப்பு வரும். மணிக்கட்டைப் பாருங்கள் என்று என் வகுப்பில் சொல்வேன்: காலையில் தளர்வாக இருந்த கைக்கடிகாரப் பட்டை இப்போது தோலில் பதிந்திருந்தால், மோதிரம் கழலவில்லையென்றால், தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைக்கவேண்டும். குழப்பமோ வலிப்போ வந்துவிட்டால் கொடுக்கவேண்டியது சாதாரண சலைனைவிடச் செறிவான 3 சதவீத உப்புக் கரைசல், 100 மில்லி, மருத்துவர் கையால், ரத்தக்குழாய் வழியாக. ஆக, தள்ளாடி விழுந்த ஒருவருக்கு உள்வெப்பமானியும் சோடியம் பரிசோதனையும் இல்லாமல் 'வெறும் களைப்பு' என்று யார் சொன்னாலும் அது ஊகம்தான்.

மூச்சிரைப்பு பற்றிய உங்கள் கட்டுரையையும் இன்னும் மறக்கவில்லை. பயிற்சி போதாதவர்களுக்கே மூச்சு வாங்கும் என்றது அது. பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குவது உயர்நிலை வீரர்களிடமே அதிகம் காணப்படும் பிரச்சினை. கடுமையாக ஓடி நிறுத்திய 5 முதல் 15 நிமிடத்துக்குள் அது உச்சம் தொடும். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சை விடும்போது விசில் ஒலி. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஊதும் திறனை அளந்து, முதல் விநாடியில் வெளிவரும் காற்று 10 சதவீதத்துக்கு மேல் குறைகிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு மாறாக, மூச்சை இழுக்கும்போது தொண்டையில் ஒலி வந்து, ஓட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் அது குரல்நாண் பிரச்சினை. அதற்கு இன்ஹேலர் உதவாது. இன்ஹேலர் போடுபவர்களை ஊக்கமருந்துக்காரர்கள் என்று கோடிகாட்டியதும் அதே கட்டுரைதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையே, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் இன்ஹேலருக்கு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மிகாமல், என்று அனுமதி தந்திருக்கிறது. ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு இரண்டு இழுப்பு எடுப்பவர் அந்த வரம்பின் அருகில்கூட வருவதில்லை.

யாரும் மோதாமல் ஒருவர் களத்தில் சரிந்தால் 'வலிப்பு' என்று எழுதிவிடுகிறீர்கள். இதயம் நின்ற ஒருவருக்கும் கைகால் சிறிது நேரம் வெட்டும். மீன்போல வாய் திறந்து திறந்து மூடும். அது மூச்சு அல்ல. நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தியபடியே மின்னதிர்வுக் கருவியை வரவழைக்கவேண்டும். இவை இரண்டும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அடுத்த ஆண்டு மறுபடி ஆடவந்தார் என்றால், அருகிலிருந்தவர்கள் உடனே அதைச் செய்ததால்தான்.

காய்ச்சலோடு ஆடியவரைப் புகழ்ந்து தலைப்புப் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வெறும் மூக்கடைப்பு என்றால் மெதுவாகப் பயிற்சி செய்யலாம். காய்ச்சலும் உடல்வலியும் இருக்கும்போது கூடாது, வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால் அந்த ஆட்டமே கடைசியாகிவிடும். சுரப்பிக் காய்ச்சல் (வைரஸால் கழுத்துச் சுரப்பிகள் வீங்கும் நோய்) வந்தவருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். முதல் மூன்று வாரம் அது வெடிக்கும் ஆபத்து அதிகம், அதற்கு ஓர் இடி போதும், சிலருக்கு இடியே வேண்டாம். வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதைக் கடும் பயிற்சியின் அடையாளம் என்று ஒரு பேட்டியில் அப்படியே விட்டிருந்தீர்கள். செலவிடும் சக்திக்கு ஈடாக உணவு போகவில்லை என்பதன் அடையாளம் அது. அடுத்து எலும்பில் விரிசல் வரும்.

பயிற்சியாளர் படிப்புகளில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் வாரக்கணக்கில் வகுப்புகள். இந்த நோய்களெல்லாம் கடைசி அத்தியாயம். தேர்வு நெருங்கும்போது அவசரமாகத் தள்ளிவிடப்படும். படித்து வரும் பயிற்சியாளருக்கே இந்த நிலை என்னும்போது, ஊருக்கெல்லாம் எழுதும் உங்கள் பக்கமாவது சரியாகச் சொல்லவேண்டாமா? இத்தனை ஆண்டு வாசகன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

நான் வேண்டுவது அதிகமில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி யாராவது விழுந்தால் உங்கள் நிருபர் மூன்றே கேள்விகள் கேட்கட்டும்: நினைவு தெளிவாக இருந்ததா, உடல் வெப்பம் எவ்வளவு, அதை எங்கே அளந்தார்கள்? பதில் கிடைக்காவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதட்டும். அந்தத் தண்ணீர்க் கட்டத்தை அடுத்த வெயில் காலத்துக்கு முன் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக 'தாகத்துக்குக் குடியுங்கள், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்' என்று இரண்டு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
பயிற்சியாளர்களுக்கு விளையாட்டு மருத்துவம் கற்பிக்கும் ஒரு வாசகன்