18 இடம் எந்தக் கணக்கில்? படைக்கு ஆளெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்புத் துறையில் ஆளெடுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஊர் வேலூர்ப் பக்கம். எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு பட்டாளத்துக்காரர்கள் உண்டு, உங்களுக்கே தெரியும். மாலையில் பிள்ளைகளுக்கு, படை அதிகாரிகளை எடுக்கும் சிடிஎஸ் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. அதனால் இதில் என் பிழைப்பு எதுவும் அடங்கியிருக்கவில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அதிகாரித் தேர்வில் பெண்களுக்கென்று தனியாகப் போட்டு வைத்திருக்கும் உச்சவரம்பை எடுத்துவிடுங்கள். ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண் பட்டியல். யார் முன்னால் நிற்கிறாரோ அவர் உள்ளே போகட்டும்.

2025ஆம் ஆண்டின் முதல் சிடிஎஸ் அறிவிக்கையை யுபிஎஸ்சி போட்டாலும், இடக் கணக்கு உங்களுடையதுதான். மொத்தம் 457 இடம். பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி மையமான ஓடிஏவில் ஆண்களுக்கு 275, பெண்களுக்கு 18. டேராடூன் ராணுவ அகாடமியான ஐஎம்ஏவின் 100 இடத்தில் பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் போன கணக்கோ, தரைப்படையில் அதிகாரிகள் 8,000 பேருக்கு மேல் குறைகிறார்கள் என்கிறது. ஜவான்களில் குறைவது இன்னும் 90,000க்கு மேல்.

அதிகாரி குறைந்தால் யூனிட்டில் என்ன நடக்கும் என்பதைக் கீழே இருந்து பார்த்தவன் நான். ஒரே கேப்டன்தான் அட்ஜுடன்ட், அவரேதான் குவார்ட்டர் மாஸ்டர், கேன்டீன் கணக்கும் அவர் தலையில். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு ஒருவன் நிற்பான். கையெழுத்துப் போட வேண்டியவர் வேறெங்கோ ஒரு விசாரணையில் உட்கார்ந்திருப்பார்.

இந்த நிலையில்தான் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியைத் திருப்பி அனுப்பினீர்கள். அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அம்மா ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனியில் வேலை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எழுத்துத் தேர்வில் தேறினாள். அடுத்து நேர்முகத் தேர்வான எஸ்எஸ்பி ஐந்து நாள், முதல் நாளே பாதிப் பேருக்கு மேல் மூட்டையைக் கட்டுகிற இடம் அது. கடைசி நாள் கான்ஃபரன்ஸ் முடிந்து அவள் நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைக் கூப்பிட்டார்கள். ரெகமெண்டட். மெடிக்கலிலும் குறை இல்லை. அவள் அப்பா கருப்பு டிரங்குப் பெட்டி வாங்கி, மேலே பெயர் எழுத வெள்ளைப் பெயின்ட்டும் ஒரு சின்ன பிரஷ்ஷும் வாங்கி வைத்துவிட்டார். பட்டியல் வந்தது. மெரிட் அவுட். 18 பேரோடு கோடு போட்டுவிட்டார்கள், இவள் கோட்டுக்குக் கீழே. மறு தேர்வு எழுதலாம் என்றால் வயது வரம்பு தாண்டிவிட்டது.

படைக்கு ஏற்றவள் என்று உங்கள் தேர்வுக் குழுவே சொன்ன பெண் அவள். 8,000 காலி இடம் இருக்கும் படைக்கு.

போட்டி என்றால் யாராவது தோற்கத்தான் வேண்டும், சரி. தோற்கிறவர் மதிப்பெண்ணில் தோற்கட்டும் என்கிறேன். ராணுவச் சட்டப் பிரிவான ஜாக் தேர்வில் நடந்ததைப் பாருங்கள். ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என்று பிரித்தீர்கள். பெண்கள் பட்டியலில் நான்காவதும் ஐந்தாவதும் வந்தவர்கள், தேர்வான சில ஆண்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியும் வெளியே நின்றார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிப்பே செல்லாது என்றது. பாதிக்குப் பாதி என்று வைத்தாலும் அது சமத்துவம் ஆகாது என்றும் சொன்னது. ஜாக்குக்கு ஒரு நியாயம், சிக்னல்ஸுக்கும் இன்ஜினியர்ஸுக்கும் வேறு நியாயமா?

காலாட்படைக்குத்தான் ஆள் வேண்டும், அங்கே பெண்களை அனுப்புவதில்லை என்பீர்கள். அந்த விவாதம் தனி. ஏற்கெனவே பெண்களுக்குத் திறந்துவிட்ட பிரிவுகள் எத்தனை! சிக்னல்ஸ், சப்ளை, ஆர்டினன்ஸ், ஏர் டிஃபென்ஸ், ஏவியேஷன், 2023 முதல் பீரங்கிப் படையும். அங்கேயாவது வரம்பை எடுங்கள்.

இன்னொரு காரணமும் நீங்கள் சொன்னதுண்டு. ஜவான்கள் பெரும்பாலும் கிராமத்துப் பின்னணி, பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க மனதளவில் தயாராகவில்லை என்று அரசுத் தரப்பு வாதாடியது. 2020 பிப்ரவரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஐயா, அந்தக் கிராமத்து ஜவான் என்பது நாங்கள்தான். எங்களை யார் கேட்டார்கள்? எங்கள் யூனிட்டில் ஒரு மேடம் இருந்தார். நடுராத்திரி லைன் போனால் டார்ச்சோடு எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். பிழை எந்த ஜாயின்ட்டில் என்று கண்டுபிடிக்கும் வரை தூங்கப் போகமாட்டார். நாங்கள் அவர் சொன்னதைக் கேட்டோம். வீட்டில் ஆத்தாளின் அதட்டலுக்கு அடங்கி வளர்ந்த பயல்கள் நாங்கள், எங்களுக்கு இதிலெல்லாம் என்ன புதுசு?

எடுத்த பெண்களையாவது சரியாக வைத்துக்கொண்டீர்களா? 1992இல் கதவைத் திறந்துவிட்டு, 14 ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு வேண்டும். ஆக, கையில் பென்ஷன் இல்லை. நிரந்தரப் பணி கொடுங்கள் என்று கோர்ட் சொன்ன பிறகு, மேலதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதிய பழைய ரகசிய அறிக்கைகளை எடுத்துவைத்து மார்க் போட்டீர்கள். நிரந்தரப் பணிக்கே தகுதி இல்லாத காலத்தில், எப்படியும் போகிறவர்தானே என்று ஏனோதானோவென எழுதப்பட்ட அறிக்கைகள் அவை. 2021இல் நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டியது.

2025 மே 7 அன்று ஆபரேஷன் சிந்தூர் பற்றி விளக்கிய கர்னல் சோஃபியா குரேஷியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பரங்கிமலையில் பயின்றவர். எங்கள் வகுப்புப் பெண்கள் அன்று தரையில் கால் பாவாமல் திரிந்தார்கள். மே 9 அன்று அதே உச்ச நீதிமன்றம், வழக்குப் போட்டிருக்கும் பெண் அதிகாரிகளை இப்போது வெளியே அனுப்பாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் இரண்டே நாள். மைக் முன்னால் நிறுத்தவும், குடியரசு தினத்தில் முப்படைப் பெண்கள் அணி என்று நடக்கவிடவும் ஆள் வேண்டும். அணிவகுப்புக்கு மட்டும் எண்ணிக்கை எப்படியோ கிடைத்துவிடுகிறது.

மன்னிக்கவும், வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது. 18க்கு மேல் தங்க வைக்க பரங்கிமலையில் இடவசதி இல்லை என்றால், எத்தனை அறை வேண்டும், எந்த ஆண்டுக்குள் கட்டுவீர்கள் என்பதையாவது அறிவியுங்கள். அதுவரை, பெண்களுக்கு ஏன் 18 என்ற காரணத்தை அறிவிக்கையிலேயே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இங்கே பிள்ளைகள் கேட்கும்போது நான் அதைப் படித்துக் காட்டிவிடுகிறேன்.

அடுத்த சிடிஎஸ் அறிவிக்கையில் ஓடிஏவுக்கு நேரே ஒரே எண்ணிக்கை, ஒரே பட்டியல் இருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்