அக்காவைக் கடைசிவரை அக்காவாகவே இருக்கவிட்டவர்களுக்கு

உறவினர்கள், நண்பர்கள், அக்காவின் மாணவர்கள், பெயர்கூடச் சொல்லாமல் வந்து ஒத்தாசை செய்துவிட்டுப் போனவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

அக்கா போன பிறகு வந்த செய்திகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதலாம் என்று அத்தானும் நானும் உட்கார்ந்தோம். நாலைந்து எழுதியதும் கை நின்றுவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே வரிகள்தான் வந்துகொண்டிருந்தன. அதனால் பொதுவாக ஒரே மடல். பெயர்களைப் போடவில்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி வந்தால் பித்தநாளத்தை அடைத்து மஞ்சள் காமாலையாவது காட்டிக்கொடுக்கும். வால்பகுதியில் வந்தால் பெரும்பாலும் அதுவும் கிடையாது. அக்காவுக்கு வால்பகுதியில். முதுகுவலி, பசியின்மை, கொஞ்சம் எடை குறைவு, அவ்வளவுதான். தெரியவந்தபோது கல்லீரல்வரை பரவிவிட்டது. ‘முன்னாடியே பார்த்திருக்கலாமே’ என்ற பேச்சை அக்காவின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டவர் பெரியம்மா. அப்படி ஆரம்பித்தவர்களை வாசலிலேயே மடக்கி, வேறு வேலை கொடுத்து அனுப்பிவிடுவார். முதல் நன்றி அவருக்குத்தான்.

அடுத்தது பாலியேட்டிவ் கேர் மருத்துவருக்கு, அதாவது நோயாளியின் வலியையும் அவதியையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் மருத்துவருக்கு. அதற்கு முன்னால் போன இடத்தில் “இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்” என்று நின்றபடியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். எங்களில் யாரையும் பார்க்காமல் அக்காவிடமே, “உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். “எல்லாம்” என்றாள் அக்கா. சொன்னார். அழுதாள், அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

வலியையும் மூச்சுத் திணறலையும் குமட்டலையும் ஆரம்பத்திலிருந்தே கவனித்தால் ஆயுள் குறைந்துவிடாது என்பதற்கு அவர் ஓர் ஆய்வைச் சொன்னார். முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் நடந்து 2010-இல் வெளியானது. சிகிச்சையோடு சேர்த்துப் பாலியேட்டிவ் கேரும் முதலிலேயே கிடைத்தவர்கள், மற்றவர்களைவிட இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தார்களாம். “அது சராசரியா, இடைநிலை அளவா?” என்றாள் எங்கள் கணக்கு டீச்சர். இடைநிலை அளவு, அதாவது வரிசையாக வைத்தால் நடுவில் வருவது என்றார் டாக்டர். “சரி, ஆனால் அது நுரையீரல். கணையத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.” டாக்டர் சிரித்துவிட்டு, முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புக்கொள்ளலுக்காகவே அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்ஸ் சிஸ்டரைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டில் பாதிப்பேர் பயந்தோம். பழக்கமாகிவிடுமோ, அதுதான் கடைசி மருந்தோ என்று. வலிக்குச் சரியான அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. வலி வந்த பிறகு ஓடுவதற்கல்ல, வராமல் இருப்பதற்கு. தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் மட்டும் பழகாது, அதனால் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே நிறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்றார். கேட்கச் சின்ன விஷயம். படுத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரியது என்பது கூட இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வலியைப் பூஜ்யம் முதல் பத்துவரை எண்ணாகச் சொல்லச் சொன்னார்கள். அக்கா வெறும் எண்ணோடு விடுவாளா? கிராஃப் தாள் வாங்கிவரச் சொல்லி, கீழே நேரம், பக்கத்தில் வலி என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். சிஸ்டர் அதை “பொழுதுபோக்கு” என்று ஒதுக்கவில்லை. உட்கார்ந்து படித்தார். தினமும் காலையில் ஒரே இடத்தில் கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்த்து, “இது குளிக்கிற நேரமா?” என்றார். அப்படித்தான், திருப்பி, நிமிர்த்தி உடம்பு துடைக்கும் நேரம் அது. டாக்டரிடம் பேசி, அதற்கு அரை மணி முன்னால் கூடுதலாக ஒரு சின்ன டோஸ் கொடுக்க ஏற்பாடு செய்தார். மறுநாளிலிருந்து அந்த ஏற்றம் இறங்கிவிட்டது. அக்கா அதை எல்லோரிடமும் காட்டினாள், தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியதுபோல.

பார்க்க வந்த பலரும் என்ன பேசுவது என்று தெரியாமல் தவித்தீர்கள், புரிகிறது. ஒரு பழைய மாணவி மட்டும் நோட்டும் பேனாவுமாக வந்து, “மிஸ், இது வரமாட்டேங்குது” என்று நிகழ்தகவுக் கணக்கு ஒன்றை நீட்டினார். அடிக்கடி வந்தார். அந்தக் கணக்குகளெல்லாம் உனக்கு நன்றாகத் தெரியும், நடிக்கிறாய் என்று மூன்றாவது கணக்கிலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். இருந்தாலும் போடும் விதத்தைத் திட்டித் திருத்திக்கொண்டேதான் இருந்தாள். அம்மா, நீ நடித்ததற்கு நன்றி.

இரவுகளைப் பங்குபோட்டுக்கொண்ட தம்பிமாருக்கும் மச்சினர்களுக்கும் நன்றி. நீங்கள் இருந்ததால்தான் அத்தான் படுத்துத் தூங்கினார். காப்பீட்டுக் காகிதங்கள் முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்ட நண்பருக்கும், உறவுக்காரர்கள் கேட்கும் ஒரே கேள்விக்கு எங்களுக்குப் பதிலாகத் தினமும் பதில் சொன்ன சித்திக்கும் நன்றி. வர முடியாதவர்கள் மனதில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் வந்திருந்தால் உட்கார இடம் இருந்திருக்காது.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் தகராறு. இரண்டு வாயாவது சாப்பிட்டால் தெம்பு வரும் என்று ஊட்டப் பார்த்தவர்களிடம் சிஸ்டர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “சாப்பிடாததால் உடம்பு போகவில்லைம்மா. உடம்பு போய்க்கொண்டிருப்பதால்தான் சாப்பாடு வேண்டாம் என்கிறது.” அப்புறம் யாரும் வற்புறுத்தவில்லை. நனைத்த பஞ்சால் வாயை ஈரப்படுத்துவதும் உதட்டுக்குத் தடவுவதுமே வேலையாயிற்று. அதை அத்தை செய்ததுபோல் யாரும் செய்யவில்லை.

மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்கும், கையும் காலும் சில்லிடும், பயந்து தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், காது கேட்டுக்கொண்டிருக்கலாம், பேசுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் கடைசி இரவில் யாரும் அலறவில்லை. வாழ்நாள் முழுக்க அதிகம் பேசாத அத்தான், மின்கட்டணம் கட்டியது முதல் மகளின் கல்லூரி விண்ணப்பம்வரை வீட்டுக் கணக்கு முழுவதையும் அக்காவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

மீதி மார்ஃபினைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை, சக்கர நாற்காலி மூன்றும் வீட்டில்தான் இருக்கின்றன. கொடுத்து உதவியவர்கள், வேண்டியவர்களுக்கு அப்படியே கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். தேவைப்படுவோர் அத்தானிடம் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து மாட்டித் தருகிறேன். மெத்தையின் மோட்டார் கொஞ்சம் இரையும், தரையில் வைக்காமல் கட்டில் கம்பியில் தொங்கவிட்டால் குறையும். நாற்காலியின் இடது பிரேக்கை மட்டும் இரண்டு முறை அழுத்த வேண்டும்.