கதையைச் சொல்வது யார்? ஸ்க்ரீன் ஸ்காட்லாந்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஸ்க்ரீன் ஸ்காட்லாந்து பொறுப்பாளர்களுக்கும், ஸ்காட்லாந்து நாவல்களின் திரை உரிமையை வாங்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்காட்லாந்து நாவல்களை வாசிப்பவர்களும், அவற்றிலிருந்து பிறந்த படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுபவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது. ஸ்காட்லாந்தில் படங்களுக்குப் பொது நிதி தரும் உங்களிடம் நாங்கள் முதன்மையாகக் கேட்பது ஒன்று. ஒரு நாவலைப் படமாக்கப் பணம் ஒதுக்கும் முன், ‘இந்தக் கதையைச் சொல்வது யார், எந்தப் பேச்சில் சொல்கிறார், அந்தக் குரல் படத்தில் எங்கே இருக்கப் போகிறது?’ என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கதைச்சுருக்கம், நடிகர் பட்டியல், பட்ஜெட் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

எந்த நாட்டு நாவலுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் ஸ்காட்லாந்து நாவலில் இதை விட்டுவிட்டால் கையில் பாதிக் கதைதான் மிஞ்சும். ஜேம்ஸ் ஹாக் 1824-இலேயே ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஜஸ்டிஃபைட் சின்னர்’ நாவலில் ஒரே நிகழ்ச்சிகளை இரண்டு பேர் வாயால் சொல்ல வைத்தார்: முதலில் பதிப்பாசிரியர், பிறகு பாவியே எழுதிய வாக்குமூலம். இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஸ்டீவன்சனின் ‘ஜெகில் அண்ட் ஹைட்’ (1886) பத்து அத்தியாயங்களில் கடைசி இரண்டையும் கடிதங்களாக வைத்தது. அலாஸ்டர் கிரே, இர்வின் வெல்ஷ், ஆலன் வார்னர் என்று இன்றுவரை அந்த மரபு தொடர்கிறது.

எங்கே தவறுகிறது என்பதற்கு நாங்கள் முதலில் சுட்டுவது எல்லோரும் கொண்டாடும் ஒரு படத்தை. முரியல் ஸ்பார்க்கின் ‘தி பிரைம் ஆஃப் மிஸ் ஜீன் பிராடி’ 1961-இல் வந்தது. மேரி மக்ரெகர் என்ற மந்தமான மாணவி 23 வயதில் ஒரு ஹோட்டல் தீயில் சாகப் போகிறாள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே ஸ்பார்க் சொல்லிவிடுகிறார். அதன்பிறகு டீச்சர் பிராடி அவளைக் கடிந்துகொள்ளும் ஒவ்வொரு இடமும் வாசகருக்குத் தாங்க முடியாததாகிறது. பிராடியைப் பள்ளி நிர்வாகத்திடம் காட்டிக்கொடுத்தவள் அவருடைய மாணவி சாண்டி என்பதும் பாதிக் கதையிலேயே தெரிந்துவிடும். எடின்பரோவின் கால்வினிய சமயத்தில் யார் மீட்கப்படுவார், யார் கைவிடப்படுவார் என்பது பிறப்புக்கு முன்பே தீர்மானமான ஒன்று. ஸ்பார்க் தன் கதைசொல்லியை அந்தத் தீர்ப்பு எழுதும் இடத்தில் வைத்தார். பிராடி தன் மாணவிகளின் வாழ்க்கையைத் தானே நிர்ணயிக்கப் பார்ப்பதும் அதே காரியம்தான். காலத்தை முன்னும் பின்னும் மாற்றிச் சொல்லும் முறையிலேயே நாவலின் கருத்து இருக்கிறது.

ரொனால்ட் நீம் 1969-இல் எடுத்த படம் ஜே பிரெசன் ஆலனின் மேடை நாடகத்தின் வழியாக வந்தது. கதை நேர்கோட்டில் ஓடுகிறது. ஆறு மாணவிகள் நால்வராகிறார்கள். நாவலில் ஸ்பெயினுக்குப் போய் இறப்பவள் ஜாய்ஸ் எமிலி. படத்தில் அந்தச் சாவு மேரிக்குப் போய்விட்டது. காட்டிக்கொடுத்தவள் யார் என்பது உச்சக்காட்சிக்காகப் பதுக்கப்படுகிறது. மேகி ஸ்மித் ஆஸ்கார் வாங்கிய நடிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ‘அடுத்து என்ன நடக்கும்’ என்ற பதைப்பு வந்து, ‘எல்லாம் முடிவாகிவிட்டது’ என்ற திகில் போய்விட்டது. அதைக் காப்பாற்றப் பெரிய செலவும் தேவைப்பட்டிருக்காது. தீயில் மேரி ஹோட்டல் தாழ்வாரத்தில் இங்கும் அங்கும் ஓடுகிறாள். பள்ளி வேதியியல் அறையில் மக்னீசியம் பளிச்சென்று எரியும்போதும் அவள் மேசைகளுக்கு நடுவே அதேபோல் மிரண்டு ஓடுகிறாள். நாவலாசிரியரே இரண்டு காட்சிகளையும் கையில் கொடுத்துவிட்டார். ஒரு தாழ்வாரம், கொஞ்சம் புகை, அரைநாள் படப்பிடிப்பு. படத்தொகுப்பில் இரண்டையும் ஒட்டினால் போதும்.

‘ஜெகில் அண்ட் ஹைட்’ கதைக்கு நேர்ந்தது வேறு. நாவலில் வழக்கறிஞர் அட்டர்சனோடுதான் நாமும் தேடுகிறோம். ஜெகிலும் ஹைடும் ஒருவரே என்பது கடைசியில்தான் தெரியும். இன்று அந்த ரகசியம் உலகறிந்தது, அதைக் காப்பாற்ற முயல்வது வீண். ரூபன் மமூலியன் 1931-இல் செய்ததை உங்கள் திரைக்கதைப் பட்டறைகளில் அவசியம் போட்டுக்காட்டுங்கள். அவர் மர்மத்தை விட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்தின் ‘நான்’ என்ற குரலைப் பிடித்துக்கொண்டார். படம் தொடங்கும்போது கேமராவே ஜெகிலின் கண். ஆர்கன் வாசிக்கும் கைகளைத்தான் பார்க்கிறோம். கண்ணாடி முன் நிற்கும்போதுதான் முகம் தெரிகிறது. உருமாற்றமும் நம் கண்முன்னே வெட்டில்லாமல் நடக்கிறது. முகத்தில் வண்ண ஒப்பனை, லென்ஸ் முன் அதே வண்ண வடிகட்டி. சிவப்பு வடிகட்டி வழியே சிவப்புக் கோடுகள் கறுப்புவெள்ளைப் படச்சுருளில் தோலோடு கலந்து மறைந்துவிடும். வடிகட்டி மாறும்போது அவையே கருத்து எழும்பும். நாவலின் வடிவத்தை மாற்றினாலும் அதன் குரலுக்கு நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

லின் ராம்சேயின் ‘மார்வன் காலர்’ (2002) இன்னொரு பாடம். ஆலன் வார்னரின் 1995 நாவல் முழுக்க மார்வன் தன் வாயால் சொல்வது. திரைக்கதை எழுதுபவருக்கு முதலில் தோன்றுவது பின்னணிக் குரல். ராம்சே அதைத் தொடவில்லை. மார்வன் காதில் ஹெட்போன். அவள் கேட்கும் பாட்டு சில இடங்களில் திரையரங்கை நிறைக்கிறது. சட்டென்று வெளியே வந்தால் ஹெட்போனிலிருந்து கசியும் சன்னமான கீச்சொலி மட்டும். ஒலிக்கலவையில் ஒரே பாடலை இரண்டு விதமாக வைத்துக்கொள்ள வேண்டும்: ஒன்று முழு ஸ்டீரியோ, மற்றொன்று அடித்தொனியை வெட்டியெறிந்த மெல்லிய ஒலி. எப்போது எதற்குத் தாவுகிறோம் என்பதுதான் ‘நான்’. ஆனால் சமந்தா மார்ட்டன் ஆங்கிலேய உச்சரிப்போடு நடித்ததால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை ஓபன் (Oban) துறைமுகத்துப் பெண்ணின் பேச்சு படத்தில் இல்லை. அந்த இழப்பை ராம்சேயின் ஒலியமைப்பு பெருமளவு ஈடுகட்டியது. எல்லா இயக்குநருக்கும் அது கைகூடாது.

வெல்ஷின் ‘ஃபில்த்’ (1998) நாவலில் போலீஸ்காரனின் குடலில் வாழும் நாடாப்புழு பேசுகிறது. அதன் பேச்சு, புழு வடிவக் கட்டத்துக்குள், அவன் சொல்லும் வரிகளின் மேலேயே அச்சாகியிருக்கும். அவன் மறைக்கும் சிறுவயதுக் கதையைச் சொல்வது அந்தப் புழுதான். ஜான் எஸ். பேர்ட் 2013 படத்தில் அதை அவனுடைய மாயத்தோற்றத்தில் வரும் மருத்துவராக மாற்றினார். கதை புரிகிறது. ஆனால் ஒரு குரல் இன்னொரு குரலைத் தின்னும் அனுபவம் வரவில்லை. திரையில் எழுத்தை எழுத்தின் மேல் போடலாம், ஒலியின் மேல் ஒலி போடலாம். அவற்றைச் சோதித்துப் பார்க்கத் திரைக்கதைக் கட்டத்திலேயே சிறு தொகை கொடுங்கள்.

‘புவர் திங்ஸ்’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கிரேயின் 1992 நாவலில் மெக்காண்ட்லஸ் தன் மனைவி பெல்லா உயிர்த்தெழுந்த கதையை எழுதுகிறார். அதன் பின்னால் அந்தப் பெண்ணே எழுதிய கடிதம் வருகிறது: என் கணவர் எழுதியது பொய், நான் ஒருபோதும் பிணமாக இருந்ததில்லை என்கிறாள். அதற்குப் பின் ‘பதிப்பாசிரியர்’ கிரேயின் குறிப்புகள் வேறு. யோர்கோஸ் லாந்திமோஸின் 2023 படத்தில் கடிதமும் இல்லை, குறிப்பும் இல்லை, கிளாஸ்கோ லண்டனாகிவிட்டது. நான்கு ஆஸ்கார் வாங்கிய அழகான படம்தான். ஆயினும் ஒரு பெண்ணைப் பற்றி ஆண்கள் கட்டிய கதையை அவளே மறுக்கும் இடம் போனபின், ஆண் சொன்ன கதைதான் உண்மைக் கதையாக நிற்கிறது. பத்து நிமிடம் நீட்டினால் அந்தக் கடிதம் உள்ளே வந்திருக்கும். நகரத்தை மாற்றியதைவிட இந்த வெட்டுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம்.

இனி பேச்சு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர், ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுள்ள ஸ்காட்ஸ் மொழியைப் பேசுவதாகச் சொன்னார்கள். 2025-இல் நிறைவேறிய மொழிச் சட்டம், ஸ்காட்லாந்தின் கெல்டிக் மொழியான கேலிக்குக்கும் ஸ்காட்ஸுக்கும் அதிகாரபூர்வ நிலை தந்தது. திரைப்பட ஒப்பந்தங்களிலும் இது தெரிய வேண்டும். வெல்ஷின் நாவலிலிருந்து வந்த ‘ட்ரெய்ன்ஸ்பாட்டிங்’ படம் 1996-இல் அமெரிக்கா போனபோது, புரியாது என்ற பயத்தில் தொடக்கப் பகுதியின் சில வசனங்கள் மறுபதிவு செய்யப்பட்டன. எங்கள் கணிப்பில், புரியாமல் போவதற்குப் பாதிக்குமேல் காரணம் ஒலிப்பதிவுதான். ஸ்காட்ஸில் ‘ட்’ ஒலி தொண்டையிலேயே நின்றுவிடும் இடங்கள் பல. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது; கித்தாரும் காற்றிரைச்சலும் அதே இடத்தில்தான் வந்து மோதும். நீள்கோலில் பிடிக்கும் பூம் மைக்கையும் சட்டையில் மாட்டும் மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்யுங்கள். புரியாத இடத்தில் முதலில் இசையைத் தாழ்த்திப் பாருங்கள். நடிகரை டப்பிங் அறைக்கு அழைப்பது கடைசி வழி. படப்பிடிப்பு முடிந்து மாதங்கள் கழித்து, தனியறையில் நிற்கும் நடிகர் தன்னையறியாமல் திருத்தமாகப் பேசத் தொடங்குவார்; எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தின் தெருப் பேச்சு அங்கேயே போய்விடும்.

உச்சரிப்புப் பயிற்சியாளர் என்றால் ‘ஸ்காட்டிஷ்’ பயிற்சியாளர் என்று யாரும் இல்லை. லீத், கிளாஸ்கோ, அபர்தீன் பக்கத்து டோரிக், வடகோடி ஓர்க்னித் தீவுகள் ஒவ்வொன்றும் வேறு. படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பு அமர்த்துவதால் பயனில்லை. திரைக்கதையின் இரண்டாம் படி எழுதும்போதே அந்த ஊர்க்காரர் ஒருவர் உடனிருக்க வேண்டும். முழு வாசிப்பை ஒலியாக மட்டும் பதிவு செய்து, ஸ்காட்லாந்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்துப் புரியாத இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த இடங்களைக் காட்சியால் தெளிவாக்குங்கள், சொல்லை மாற்றாதீர்கள்.

‘சன்செட் சாங்’ இதற்குக் கடினமான சோதனை. லூயிஸ் கிராசிக் கிப்பன் 1932-இல் மேற்கோள் குறியே இல்லாமல், வடகிழக்கு ஸ்காட்லாந்தின் மேர்ன்ஸ் நாட்டுப்புறப் பேச்சின் சந்தத்தில், பல இடங்களில் ‘நீ’ என்று எழுதினார். அந்த ‘நீ’ சில நேரம் நாயகி கிறிஸ், சில நேரம் ஊரே பேசும் வம்பு. டெரன்ஸ் டேவிஸ் 2015 படத்தில் கிறிஸின் பின்னணிக் குரலைப் படர்க்கையில் வைத்தார். அழகாக இருக்கிறது, ஆனால் ஊர் வாய்மூடிவிட்டது. வெளிப்புறக் காட்சிகளில் ஒரு பகுதி நியூசிலாந்தில் எடுக்கப்பட்டதற்கும் வருந்துகிறோம், காரணம் புரிகிறது. 1910-களின் அறுவடையை மேர்ன்ஸிலேயே எடுக்க வேண்டுமானால் ஒரு சிக்கல்: இன்றைய தானிய ரகங்கள் பல குட்டையானவை. கட்டி நிறுத்தும் கதிர்க்கட்டுகள் அக்காலத்தின் உயரத்தில் நிற்காது. நீளத்தாள் ஓட்ஸை மார்ச், ஏப்ரலிலேயே விதைத்தால்தான் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ கேமரா முன் வயல் இருக்கும். நிதி முடிவு மே மாதம் வந்தால் அந்த ஆண்டு போய்விடும். ஆட்டுக்குட்டி ஈனும் காலமும் அப்படியே: ஏப்ரல், மே தவறினால் அடுத்த ஆண்டுதான். ஓர்க்னியில் டிசம்பர் பகல் சுமார் ஆறு மணி நேரம். ஜூனில் இரவுக்காட்சி எடுக்க நினைத்தால் வானம் முழுதாக இருட்டவே செய்யாது. நாவல் சொல்லும் பருவத்தைப் பார்த்து நிதி நாட்காட்டியை வையுங்கள்.

‘விஸ்கி கலோர்’ (1949) பற்றி ஒரு வரி: நாவலின் இரண்டு தீவுகள், ஒன்று புராட்டஸ்டண்ட், ஒன்று கத்தோலிக்கம், படத்தில் ஒன்றாகிவிட்டன, அதனால் ஞாயிறன்று வேலை செய்யக் கூடாது என்ற புராட்டஸ்டண்ட் கட்டுப்பாடு, கத்தோலிக்கர் மிகுந்த பாரா தீவில் எடுத்த காட்சிகளில் ஊர் தெரிந்தவர்களுக்கு இடறுகிறது.

கடைசியாக எங்கள் சொந்தக் கோரிக்கை. வெல்ஷின் ‘ட்ரெய்ன்ஸ்பாட்டிங்’ நாவலில் புத்தகம் திருடிய வழக்கில் நண்பர்கள் ரென்டனும் ஸ்பட்டும் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். ரென்டன் திருத்தமான ஆங்கிலத்துக்கு மாறி, தத்துவஞானி கீர்க்கெகார்டைப் படிக்கத்தான் எடுத்தேன் என்று வாதாடித் தப்பிக்கிறான். அப்படிப் பேச வராத ஸ்பட் சிறைக்குப் போகிறான். தமிழில் எங்களுக்கு இதைக் காட்டும் வழி தயாராக இருக்கிறது: பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு ஒரே வசனத்தில் தாவினால் எந்த வாசகருக்கும் உறைக்கும். ஆனால் இதுபோன்ற படங்களுக்கு எங்கள் கைக்கு வரும் ஆங்கிலக் கோப்பு எல்லோர் பேச்சையும் ஒரே ஆங்கிலமாகச் சலவை செய்திருக்கும். எந்த இடத்தில் தாவுகிறார்கள் என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தமிழ், இந்தி, கொரியன் என எல்லா மொழிச் சப்டைட்டிலும் அந்த ஒரு கோப்பிலிருந்தே பிறப்பதால், அங்கே போனது எல்லா மொழியிலும் போகிறது.

ஆகவே ஒவ்வொரு நிதி ஒப்பந்தத்திலும் இரண்டு கோப்புகளைக் கட்டாயமாக்குங்கள். முதலாவது, பேசியபடியே, நாவலாசிரியரின் எழுத்துக்கூட்டலில், நேரக்குறியோடு உள்ள முழு வசனம். அதற்கு நீள வரம்பு வேண்டாம். இரண்டாவது, வழக்கம்போல் வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரி என்ற ஆங்கிலச் சப்டைட்டில். முதல் கோப்பில், பாத்திரம் பேச்சை மாற்றும் இடங்களில் ஒரு குறி, கடைசியில் இரண்டு பக்கச் சொற்பட்டியல். படத்தொகுப்பு முடிந்த வாரத்திலேயே, வசன மேற்பார்வையாளரும் உச்சரிப்புப் பயிற்சியாளரும் கைவசம் இருக்கும்போதே இதைச் செய்துவிடலாம். ஓராண்டு கழித்தால் ஆளும் கிடைக்காது, நினைவும் இருக்காது. அந்தக் கோப்பின் ஒரு படியை, கிளாஸ்கோ கெல்வின் ஹாலில் தேசிய நூலகம் நடத்தும் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் படத்தோடு சேர்த்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த நாட்டு மொழிபெயர்ப்பாளரும் அங்கே எழுதிக் கேட்டுப் பெறலாம்.

இப்படிக்கு,
ஸ்காட்லாந்து இலக்கியத்தின் தமிழ் வாசகர்களும் சப்டைட்டில் எழுதுவோரும்