தொப்பை வேற, தொடைச் சதை வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த எடை குறைப்பு கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சேத்து ஒரே அட்டவணை, இந்த உயரத்துக்கு இவ்ளோ கிலோன்னு போட்டு முடிச்சுட்டீங்க, பக்கத்துலயே தொடை இடுப்பு சதைய கரைக்கிறோம்னு ஒரு மசாஜ் சென்டர் விளம்பரம் வேற. நான் லேப் டெக்னீஷியன், அதான் சொல்லாம இருக்க முடியல.

கொழுப்புன்னா சும்மா மூட்டை கட்டி வச்ச சரக்குன்னுதான் ரொம்ப பேரு நெனைக்கிறாங்க. 1994ல ராக்ஃபெல்லர் யுனிவர்சிட்டில ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் டீம் லெப்டின் ஜீன கண்டுபிடிச்சப்பவே அந்தக் கதை மாறிப்போச்சு, கொழுப்பு செல்லே லெப்டின்ங்கற ஹார்மோன சுரந்து கையிருப்பு எவ்ளோ இருக்குன்னு மூளைக்கு சொல்லுது. இந்த லெப்டின் குடலச் சுத்தி இருக்கற கொழுப்ப விட தோலுக்கு அடியில இருக்கறதுலதான் அதிகமா வரும். பொம்பளைங்களுக்கு தோலுக்கடி கொழுப்பு ஜாஸ்தி, அதோட ஆம்பளைங்க கிட்ட இருக்கற டெஸ்டோஸ்டிரான் லெப்டின கொறைக்கும், அதனால ஒரே அளவு கொழுப்பு இருந்தாலும் பெண்ணுக்குதான் ரத்தத்துல லெப்டின் அதிகம். அது நோய் இல்லைங்க. பட்டினி கிடந்து ஒட்டிப்போற பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் நின்னு போகுதே, லெப்டின் ரொம்ப இறங்கிடறது அதுக்கு ஒரு முக்கிய காரணம்.

கொழுப்பு செல் சுரக்கற இன்னொரு ஹார்மோன் அடிபோனெக்டின். இன்சுலின் ஒழுங்கா வேலை செய்ய ஒத்தாசை பண்றது இதுதான். வேடிக்கை என்னன்னா கொழுப்பு செல்லுல இருந்துதான் வருது, ஆனா தொப்பை ஏற ஏற இது இறங்கும். ஆம்பளைங்களுக்கு சராசரியாவே கம்மி. அது பத்தாதுன்னு குடலச் சுத்தி இருக்கற கொழுப்புல இருந்து கிளம்புற கொழுப்பு அமிலம் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியா நேரா கல்லீரலுக்கே போகுது. தொடையில இருக்கறது அப்படி இல்ல, சாப்பாட்டுல வர்ற கொழுப்ப வாங்கி அங்கயே வச்சுக்கும், சட்டுனு வெளிய விடாது. அந்த பாவப்பட்ட தொடையதான் விளம்பரத்துல திட்டுறாங்க! வயித்துச் சதைக்கும் இடுப்புச் சதைக்கும் ஆபத்துல வித்தியாசம் இருக்குன்னு பிரான்ஸ்ல ழான் வாக்ங்கற டாக்டர் 1947லயே எழுதிட்டாரு. மெனோபாஸ் தாண்டுனா பெண்களுக்கும் கொழுப்பு வயித்துப் பக்கம் நகரும், அப்ப இந்த பாதுகாப்பும் கொறையுது.

நம்ம ஊர்க்காரங்க கதை இன்னும் மோசம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் 2004ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல தங்க போட்டோவையே போட்டு காட்டுனாங்க, பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எவ்ளோ எடைங்கற கணக்கு, ரெண்டு பேருக்கும் 22தான், ஆனா உடம்புக் கொழுப்பு யட்கினுக்கு சுமார் 9 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21. உங்க அட்டவணைப்படி பாத்தா ரெண்டு பேருமே பாஸ்.

டேப் எடுத்து கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்ச சாதாரணமா விட்டுட்டு அளந்தா போதும், இந்தியர்கள்ல ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதுக்கு மேல போனா கவனிக்கணும். டேப்ப சுத்துன உடனே நம்ம ஆம்பளைங்க வயித்த உள்ள இழுத்துக்குவாங்க பாருங்க, அப்புறம் "எனக்கு காலேஜ்ல இருந்து இதே 34 சைஸ் பேண்டுதான்மா"ன்னு பெருமை வேற, பேண்ட்ட தொப்பைக்கு கீழ இறக்கி போட்டா சைஸ் எப்படி சார் மாறும்?

இதப் படிச்சுட்டு யாரும் லெப்டின் டெஸ்ட் எடுக்கணும்னு லேப்புக்கு ஓடி வராதீங்க, பெரும்பாலானவங்களுக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, குண்டா இருக்கறவங்க கிட்ட ஏற்கனவே அது எக்கச்சக்கமா இருக்கும், மூளைதான் காதுல வாங்கறதில்ல. காசு மிச்சம் பண்ணுங்க.

அடுத்த இணைப்புல அந்த எடை அட்டவணைக்கு பக்கத்துலயே இந்த 90, 80 கணக்கையும் அளக்கற விதத்தையும் படத்தோட போடுங்க, மசாஜ் விளம்பரம் வேற பக்கத்துக்கு போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்