தகிடவும் தகதிமியும்

பெரம்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

பேஸ் கிதாரை மூன்று விரலில் வாசிக்கும்போது மூன்றாவதான மோதிர விரல் படுத்துகிறது என்று போன வாரம் சொன்னாய். போனில் எனக்கு விளக்க வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவிடம்கூட முதலில் சொல்லாத ஒன்று: நீ விட்டுப்போன பழைய பேஸைப் பரணிலிருந்து இறக்கி, இரண்டு மாதமாக நானும் மூன்று விரலில் பழகுகிறேன். முப்பது வருஷம் மெல்லிசை மேடையில் இரண்டு விரலை வைத்தே ஓட்டியவனுக்கு அறுபதில் இந்த ஆசை.

முதலில் அந்த விரலைத் திட்டாதே. உள்ளங்கையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வை. இப்போது மோதிர விரலைத் தூக்கிப் பார். கட்டை மாதிரிக் கிடக்கும். புறங்கையில் அதன் தசைநார் பக்கத்து விரல்களோடு பிணைந்திருக்கிறது, அது என்ன செய்யும் பாவம்.

ஆனால் நீ அனுப்பிய பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை கேட்டேன். விரல் பரவாயில்லை, கணக்குதான் உதைக்கிறது. மோதிரம், நடு, ஆள்காட்டி என்று கை மும்மூன்றாய்ப் போகிறது. பாட்டு நந்நான்காய்ப் போகிறது, நாலு மீட்டலுக்கு ஒரு தட்டு. முதல் தட்டு மோதிர விரலில் விழுந்தால் இரண்டாவது நடுவிரலில், மூன்றாவது ஆள்காட்டியில், நாலாவது மறுபடி மோதிர விரலில். நீயோ மோதிர விரல் வரும்போதெல்லாம் ஓர் அழுத்து அழுத்துகிறாய். சதுஸ்ரத்துக்கு, அதாவது நாலு எண்ணிக்கைக்கு, நடுவில் மூன்று எண்ணிக்கையான திஸ்ரம் கேட்கிறது. டிரம்ஸ்காரர் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

எதிர்வீட்டு மிருதங்க வாத்தியாரிடம் சின்ன வயதில் வாயால் சொல்லிப் பழகினாயே, தகிட நாலு தடவை சொன்னாலும் தகதிமி மூன்று தடவை சொன்னாலும் பன்னிரண்டுதான். அதே சங்கதி. விரல் தகிட போகட்டும், வாய் தகதிமி சொல்லட்டும், கால் அந்தத் தகதிமியின் 'த'வில் மட்டும் தட்டட்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வை. நான் 29சி பஸ்ஸில் மடியில் இருக்கிற பையின் மேல் இதைத் தட்டிக்கொண்டே போகிறேன். அடையாறு வருவதற்குள் ஒரு தடவையாவது தவறிவிடுகிறது. அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சியா சார்?" என்றார்.

மோதிரம், நடு, ஆள்காட்டி, நடு என்று நாலாக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அப்போது ஒவ்வொரு தட்டும் மோதிர விரலிலேயே விழும், குழப்பமில்லை. எனக்கு அது குறுக்கு வழியாகப் படுகிறது. ஆனால் மேடையில் யார் விரலைப் பார்க்கிறார்கள்?

நடுவிரல் நீளம், அதைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தால்தான் மூன்று நுனியும் ஒரே கோட்டில் நிற்கும். மணிக்கட்டை மட்டும் மடக்காதே. 1994-ல் ஒரு கல்யாணக் கச்சேரியில் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) சத்தம் போதாமல் நாலு மணி நேரம் கம்பியைப் பிய்த்து வாசித்தேன். மணிக்கட்டு வீங்கி, இரண்டு மாதம் சோற்றைக் கரண்டியில் சாப்பிட்டேன். திரும்பிப் போனபோது குழுவில் என் இடத்தில் வேறு ஆள். நீ ஆம்ப்பை ஏற்றிக்கொள், விரலைக் குறை. வலித்தால் அன்றைக்குப் பெட்டியில் மூடி வை.

அவசரமும் வேண்டாம். அமெரிக்க பேஸ் கலைஞர் பில்லி ஷீஹன் மூன்று விரலில் பறக்கிறார், சரி. மோட்டவுன் என்கிற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டே என்ன வாசிப்பு வாசித்திருக்கிறார்!

அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் உனக்கு ஒரு செட் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள். அப்புறம், நான் இப்போது 72-ல் தடுக்காமல் போகிறேன். நீ எத்தனையில் நிற்கிறாய் என்று எழுது.

அப்பா