தோற்ற மன்னர்களே வரலாற்றை மாற்றினர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜார்ஜ்டவுனுக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வைக்கப்பட்டதைப் பினாங்கு மாணவர்கள் அறிவர். ஆனால் இங்கிலாந்தின் வரலாற்றை வென்ற மன்னர்களைவிடத் தோற்றவர்களே அதிகம் மாற்றினர் என்பது நம் பேச்சில் வருவதே இல்லை. 1204இல் பிரான்சிலிருந்த நார்மண்டியை இழந்து, அதை மீட்கக் கடும் வரி விதித்த ஜான் மன்னரை, 1215 ஜூனில் ரன்னிமீடு புல்வெளியில் பிரபுக்கள் பணியவைத்ததால்தான் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பிட்ட மாக்னா கார்ட்டா என்னும் சாசனம் பிறந்தது. அவர் கையெழுத்திடவில்லை, மெழுகு முத்திரைதான் பதிக்கப்பட்டது; அதையும் போப்பாண்டவர் சில வாரங்களிலேயே செல்லாதென அறிவித்தார். நாடாளுமன்றத்தோடு மோதிய முதலாம் சார்லஸ் 1649இல் தலையையே இழந்தார். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமோ, நாடாளுமன்ற ஒப்புதலின்றி மன்னர் வரி விதிப்பதைத் தடைசெய்தது. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர் கதைக்குக் கிடைக்கும் இடத்தில் கால்பங்கையாவது தங்கள் மாணவர் பக்கம் இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு